புதிய ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்து பார்த்த பிறகு அவரிடம் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது?

கேள்வி: பின்வரிசை நாற்காலி

வணக்கம். நான் 14 ஆண்டுகளாக நடுநிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்து வருகிறேன். இந்தக் கல்வியாண்டில் புதிதாகப் பணியில் சேர்ந்த மூவருக்கு வழிகாட்டியாக இருக்கும்படி தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். ஒருவர் கணிதம், ஒருவர் அறிவியல், மூன்றாமவர் மொழிப்பாடம். வழிகாட்டி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வாரத்தில் ஒரு பாடவேளையை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் கணித ஆசிரியரின் வகுப்புக்குப் போய்க் கடைசி வரிசையில் அமர்ந்தேன். தசம எண்களை ஒப்பிடுதல் அன்றைய பாடம். கரும்பலகையில் எழுத்து முத்து முத்தாக இருந்தது. பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று இடமதிப்பு அட்டவணை போட்டு, நிதானமாக, ஒரு பிழையும் இல்லாமல் விளக்கினார். முடிவில் "எல்லோருக்கும் புரிந்ததா?" என்று கேட்டார். "புரிந்தது" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது. என் அருகில் இருந்த பையனின் நோட்டை எட்டிப் பார்த்தேன். 0.5, 0.45 ஆகிய இரண்டில் பெரியது 0.45 என்று எழுதி, அதை வட்டமிட்டும் வைத்திருந்தான். ஏன் என்று மெல்லக் கேட்டதற்கு, "நாற்பத்தைந்து ஐந்தைவிடப் பெரியதுதானே?" என்றான். புரிந்தது என்று உரக்கச் சொன்னவர்களில் அவனும் ஒருவன்.

வகுப்பு முடிந்ததும் அந்த ஆசிரியரை உட்கார வைத்து, நான் எழுதியிருந்த இரண்டு பக்கக் குறிப்பையும் வரிவிடாமல் சொன்னேன். குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை, பலகையின் வலப்பக்கத்தை உடம்பு மறைக்கிறது, முன்வரிசையிலேயே கேள்வி கேட்கப்படுகிறது, கடைசி ஐந்து நிமிடம் வீணாகிறது என்று எண்ணினால் மொத்தம் 11 குறைகள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுவாரம் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட மாறியிருக்கவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் அவர் குரல் கம்மிப்போனதுதான் மிச்சம். அன்று மாலை, மிகவும் தயங்கி, "நீங்கள் எழுதுவது தலைமையாசிரியருக்குப் போகுமா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வியை நானே கேட்டுக்கொண்டதில்லை.

வகுப்பில் உட்கார்ந்து எதைப் பார்க்க வேண்டும், பார்த்ததில் எவ்வளவைச் சொல்ல வேண்டும், என் பாடம் அல்லாத அறிவியல், மொழி வகுப்புகளில் எனக்கு என்ன வேலை இருக்கிறது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். வாரத்துக்கு ஒரு பாடவேளைதான் இருக்கிறது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

பதில்: சுண்ணக்கட்டித் தூள்

ஆசிரியப் பயிற்சியில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் கண்ட 11 குறைகளும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவற்றுள் பத்தை உங்கள் நோட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் ஒருவர் வகுப்பில் நிற்கும்போது, அடுத்து சொல்ல வேண்டிய வாக்கியம், பலகையில் எழுதும் எண், மூலையில் பேசும் இருவர், மணி அடிக்க எஞ்சிய நேரம் எல்லாம் ஒரே சமயத்தில் அவர் மனத்தை நிறைத்திருக்கும். பழகிய உங்களுக்கு இவற்றுள் பாதி கை தானாகச் செய்யும் வேலை. அவருக்கோ ஒவ்வொன்றும் நினைத்துச் செய்ய வேண்டியது. அந்த நிலையில் இருப்பவரிடம் 11 அறிவுரைகளைக் கொடுத்தால், அவர் எதையும் எடுத்துக்கொள்ளாமல் தலையாட்டுவதுதான் இயல்பு.

எந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்றால், பிள்ளைகளின் கற்றலை நேரடியாகத் தொடுவதை எடுங்கள். அதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்: "புரிந்ததா?" என்ற கேள்வி. அதற்கு வரும் விடை ஆசிரியருக்கு எதையும் தெரிவிப்பதில்லை. அந்த இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து உருவாக்குவதுதான் உங்களுக்குக் கிடைத்த அந்த ஒரு பாடவேளையின் மிகச் சிறந்த பயன்.

தசம எண்களையே எடுத்துக்கொள்வோம். 0.73, 0.52 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் அந்தப் பையனும் சரியாகவே சொல்லிவிடுவான், ஏனெனில் இரண்டிலும் இலக்கங்களின் எண்ணிக்கை ஒன்றுதான். தசமப்புள்ளியை மறந்துவிட்டு 73, 52 என்று ஒப்பிட்டாலும் விடை சரியாக வரும். 0.5, 0.45 என்று கேட்டால்தான் இலக்கங்கள் கூடினால் எண் பெரிது என்று நினைப்பவன் வெளியே வருவான். இதற்கு நேர் எதிரான இன்னொரு பிழையும் உண்டு. நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறியது என்று கேட்ட பிள்ளை, நூறாம் இடம் வரை நீளும் எண்கள் எல்லாமே சிறியவை என்று முடிவுகட்டி, 0.6, 0.62 இரண்டில் 0.6தான் பெரியது என்று எழுதும். இந்தப் பிள்ளை 0.5, 0.45 கேள்விக்குச் சரியான விடை சொல்லித் தப்பித்துவிடும். நீங்கள் பாராட்டிய அந்த இடமதிப்பு அட்டவணையை அரைகுறையாகப் புரிந்துகொண்டதன் விளைவாகவே இந்தப் பிழை பிறக்கிறது என்பதையும் கவனியுங்கள். எனவே இரண்டு இணைகளையும் பலகையில் எழுதி, எல்லோரும் வாய் திறக்காமல் நோட்டில் விடையையும் ஒரு வரிக் காரணத்தையும் எழுதும்படி சொல்லி, ஆசிரியர் வரிசைகளுக்கிடையே ஒரு சுற்று நடந்து வந்தால், இரண்டு நிமிடத்தில் வகுப்பின் நிலை கைக்கு வந்துவிடும்.

லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பாடத்தை அறிந்திருப்பது ஒன்று; பொதுவாகக் கற்பிக்கும் முறைகளை அறிந்திருப்பது இன்னொன்று; குறிப்பிட்ட ஒரு பாடப்பொருளில் மாணவர் எங்கே இடறுவார்கள், எந்த எடுத்துக்காட்டு அந்த இடறலைத் தீர்க்கும் என்ற அறிவு மூன்றாவது, அதுவே ஆசிரியருக்கு மட்டும் உரிய அறிவு என்றார். உங்கள் புதிய ஆசிரியர் பட்டம் பெற்றவர், கணிதம் அவருக்குத் தெரியும். இந்த மூன்றாவது அறிவைப் பட்டப்படிப்பு அவருக்குத் தந்திருக்க வாய்ப்பில்லை. உங்களிடம் 14 ஆண்டுகளின் விடைத்தாள்கள் வழியாக அது சேர்ந்திருக்கிறது. குரலைப் பற்றியும் பலகையைப் பற்றியும் எவர் வேண்டுமானாலும் சொல்லலாம், 0.6, 0.62 பற்றிச் சொல்ல நீங்கள்தான் வேண்டும்.

இன்னும் ஒன்று. சொல்லிவிட்டு அனுப்பிவிடாதீர்கள், அங்கேயே செய்து பார்க்கச் சொல்லுங்கள். வெற்று வகுப்பறையில் நீங்கள் மாணவனாக உட்கார்ந்து தவறான விடையைச் சொல்ல, அவர் அதை எதிர்கொள்ளட்டும். முதல் முறை அவர் உடனே "தவறு" என்று சொல்லிச் சரியான விடையைக் கொடுத்துவிடுவார். இரண்டாம் முறை "எப்படி இந்த விடைக்கு வந்தாய்?" என்று கேட்பார். மூன்றாம் முறை அந்தக் கேள்விக்குப் பிறகு பேசாமல் நிற்கப் பழகுவார், அதுதான் எல்லாவற்றிலும் கடினம். மேரி பட் ரோ என்பவர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருந்ததைக் கண்டார். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினர், விடையே வராமல் போவது குறைந்தது. மூன்று வினாடி என்பது காதால் கேட்கும்போது அற்பமாகத் தோன்றும். நாற்பது கண்கள் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கையில் அது ஒரு யுகம்.

ஒத்திகை என்றதும் நுண்ணிலைக் கற்பித்தல் நினைவுக்கு வரலாம். 1963 வாக்கில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை அது: ஐந்து பத்து நிமிடப் பாடம், ஒரே ஒரு திறன், உடனே பின்னூட்டம், திரும்பவும் ஒரு முறை கற்பித்தல். நம்மில் பலர் அதைப் பயிற்சிக் காலத்தில் மதிப்பெண்ணுக்காக ஒரு தடவை செய்து, பதிவேட்டில் ஒட்டி, அத்துடன் மறந்தவர்கள். அதன் உயிரே திரும்பவும் கற்பிப்பதில் இருந்தது, நாம் விட்டுவிட்டதும் அதைத்தான்.

பதில்: நான்காம் மணி

நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். மேலே உள்ளவரின் கருத்துடன் எனக்கு வேறுபாடு இல்லை. ஆனால் அவர் தொடாமல் விட்ட இடம்தான் உங்கள் சிக்கலின் வேர் என்று நினைக்கிறேன். "நீங்கள் எழுதுவது தலைமையாசிரியருக்குப் போகுமா?" என்று அவர் கேட்டாரே, அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை நீங்கள் சொல்லும் எந்த நல்ல யோசனையும் அவர் காதில் ஏறாது.

நான் இளம் ஆசிரியராக இருந்த ஒரு பள்ளியில், உதவுவதற்காக வகுப்புக்கு வருபவரும் மதிப்பிடுவதற்காக வருபவரும் ஒருவரே. இரண்டுக்கும் ஒரே படிவம். அதன் விளைவு என்ன தெரியுமா? பார்வையிடும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும். முந்தைய நாளே அதே பாடத்தை, அதே கேள்விகளுடன், அதே பிள்ளைகளுக்கு நடத்தி முடித்துவிடுவோம். ஒரு முறை நான் கேள்வியைப் பாதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறுமி எழுந்து முழு விடையையும் சொல்லிவிட்டாள். பார்வையிட வந்தவர் "மாணவர் பங்கேற்பு மிக நன்று" என்று எழுதிவிட்டுப் போனார். எனக்குத் தெரியாத ஒன்றை அந்த ஆண்டு முழுவதும் எவரிடமும் நான் கேட்கவில்லை. கேட்டால் அது படிவத்தில் ஏறிவிடும் என்ற அச்சம்.

ஆகவே நாளையே தலைமையாசிரியரிடம் போய் நேராகப் பேசுங்கள். எந்த நாளில் யார் வகுப்பில் அமர்ந்தேன் என்பதை மட்டும் தெரிவிப்பேன், அங்கே கண்டதைத் தெரிவிக்க மாட்டேன் என்று சொல்லி அவருடைய ஒப்புதலைப் பெறுங்கள். மதிப்பீடு வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. பள்ளிக்கு அதுவும் வேண்டும், அதைத் தலைமையாசிரியர் தனியாகச் செய்யட்டும். ஒப்புதல் கிடைத்ததும் அந்த மூவரையும் ஒன்றாக வைத்து அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் எழுதும் தாளை வகுப்பு முடிந்ததும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள், பிரதி வைத்துக்கொள்ளாதீர்கள். நான் தலைமையாசிரியராக இருந்தபோது செய்த பல காரியங்களைக் காலம் தள்ளுபடி செய்துவிட்டது; இந்த ஒன்று மட்டும் நிலைத்தது.

நேரத்தைப் பற்றியும் அவரிடமே பேச வேண்டும். இங்கிலாந்தில் 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி, புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு இரண்டு ஆண்டுகள் வழிகாட்டல் உண்டு. முதல் ஆண்டில் அவருடைய கற்பித்தல் நேரத்தில் 10 விழுக்காட்டையும் இரண்டாம் ஆண்டில் 5 விழுக்காட்டையும் குறைத்துத் தர வேண்டும். எல்லா இடத்திலும் இது இயலாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்களுக்கு ஓய்வு கொடுத்தவர்கள் அந்தப் புதியவருக்கும் அதே மணியில் ஓய்வு கொடுத்தார்களா என்று பாருங்கள். கொடுக்கவில்லை என்றால் உங்கள் உரையாடல் எப்போதும் இரண்டு மணிகளுக்கு இடையே, நடைபாதையில், அவர் கையில் நோட்டுக் கட்டுடன் நிற்கும்போதுதான் நடக்கும். கால அட்டவணை தயாரிப்பவரிடம் நயமாகக் கேட்டால் இது நடக்கும், செலவில்லாத சீர்திருத்தம்.

பதில்: இரண்டாம் ஆண்டு

இங்கே பேசுபவர்கள் எல்லோரும் பார்வையிடும் பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள். நான் பார்வையிடப்படும் பக்கத்தில் இருப்பவள்; பணியில் சேர்ந்து இது இரண்டாம் ஆண்டு. மூத்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எனக்கு வழிகாட்ட வந்தவர் நல்லவர், அக்கறை உள்ளவர். ஆனால் அவருடைய வகுப்புக்குள் என்னை ஒரு நாளும் அழைத்ததில்லை. அவர் சொன்ன எதையும் அவர் செய்து நான் பார்த்ததில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியர்களைப் பார்த்துத்தானே வந்தோம் என்று சிலர் கேட்பார்கள். டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975இலேயே இதற்கு விடை சொல்லியிருக்கிறார்: மாணவனாக அமர்ந்து பார்ப்பவனுக்கு ஆசிரியர் செய்வது மட்டுமே தெரியும், ஏன் அதைச் செய்தார், எதைச் செய்யலாம் என்று எண்ணிக் கைவிட்டார் என்பது தெரியாது. நாடக மேடையை முன்னிருந்து பார்த்தவனை ஒப்பனை அறைக்குள் விட்டால் எப்படியோ அப்படித்தான் முதல் மாதம் எனக்கு இருந்தது. பாடக்குறிப்பு எழுத எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு எல்லாம் கட்டம் கட்டி எழுதுவேன். குறிப்பில் இல்லாத விடையை ஒரு பிள்ளை சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதுகூட எனக்குத் தெரியாது.

ஆகவே பின்வரிசை நாற்காலி அவர்களுக்கு என் வேண்டுகோள்: முதலில் அந்த மூவரையும் உங்கள் வகுப்புக்கு அழையுங்கள். சிறப்பாகத் தயாரித்த பாடத்துக்கு அழைக்காதீர்கள், எல்லா நாளும் போன்ற ஒரு நாளுக்கு அழையுங்கள். வகுப்பு முடிந்ததும் நீங்கள் எந்த இடத்தில் தயங்கினீர்கள், எந்த எடுத்துக்காட்டைப் பாதியில் கைவிட்டீர்கள் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் அவர்கள் வகுப்புக்குப் போனால் குரல் கம்மாது.

சுண்ணக்கட்டித் தூள் அவர்கள் ஒன்றை மட்டும் சொல்லுங்கள் என்றது சரிதான். ஆனால் அந்த ஒன்றை ஏன் எப்போதும் வழிகாட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும்? என்னிடம் கேட்டிருந்தால், சென்ற ஆண்டு முழுவதும் என்னை அரித்தது கேள்வி கேட்கும் முறை அல்ல, பாடவேளையின் முதல் ஏழு நிமிடங்கள் என்று சொல்லியிருப்பேன். நான் உள்ளே நுழைவேன்; வணக்கம் சொல்வார்கள்; வருகை எடுப்பேன்; திருத்திய நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பேன். அதற்குள் வகுப்பு கலைந்து சந்தையாகிவிடும். பிறகு அதை அடக்க இன்னும் மூன்று நிமிடம். அவர்களை நான் அதட்டியதற்கு, பிள்ளைகளின் ஒழுங்கீனத்தைவிட நான் அவர்களுக்கு எந்த வேலையும் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்ததே காரணம் என்று புரிய ஏழு மாதம் ஆயிற்று. இப்போது இடைவேளையிலேயே பலகையின் ஓரத்தில் மூன்று சிறு கேள்விகளை எழுதிவிடுகிறேன். நோட்டுகளை வரிசைவாரியாக அடுக்கி, முதல் மேசையில் வைத்துவிட்டால் அவர்களே கை மாற்றிக்கொள்கிறார்கள். நான் கதவருகே நிற்கிறேன். இதை யாராவது என் முதல் வாரத்திலேயே ஒரு முறை செய்து காட்டியிருக்கலாம்.

பதில்: சுண்ணக்கட்டித் தூள்

இரண்டாம் ஆண்டு அவர்களின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். தேர்வு அவருடையதாக இருக்க வேண்டும் என்பதை நான் எழுதியிருக்க வேண்டும். ஒரு சிறு மறுப்பு மட்டும்: புதியவருக்குத் தம் வகுப்பில் தெரியாத ஒன்று இருக்கும்போது அதை அவர் தேர்ந்தெடுக்க முடியாது. 0.45 என்று வட்டமிட்ட பையனை அந்த ஆசிரியர் பார்க்கவே இல்லை. எனவே முதலில் அந்த நோட்டை அவர் முன் வைப்பது, பிறகு எதில் தொடங்கலாம் என்று அவரையே கேட்பது என்று வரிசையை மாற்றிக்கொள்கிறேன்.

உங்கள் ஏழு நிமிடத்துக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஜேக்கப் குனின் 1970இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல கட்டுக்கோப்புள்ள வகுப்புக்கும் கலைந்து கிடக்கும் வகுப்புக்கும் உள்ள வேறுபாட்டை, மாணவர் தவறு செய்த பிறகு ஆசிரியர் கண்டிக்கும் விதத்தில் தேடினார். அங்கே அது அகப்படவில்லை. ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு வகுப்பைத் தடங்கலின்றி நகர்த்துவதிலும், அறை முழுவதும் தன் கண்ணில் இருக்கிறது என்பதை மாணவர் உணரும்படி நடந்துகொள்வதிலும்தான் அது இருந்தது. கண்டிப்பு போதாது என்று இளையவர்களிடம் சொல்லும் மூத்தவர்கள் இதைச் சற்று நினைக்கலாம்.

பதில்: கோடிட்ட நோட்டு

மூவருக்குத் தனித்தனியாக வழிகாட்ட வாரம் ஒரு பாடவேளை போதாது என்பது கணக்கிலேயே தெரிகிறது. ஆகவே வேறு ஒரு வழியையும் பரிசீலிக்கலாம். ஜப்பானில் ஜுக்யோ கென்க்யூ என்று ஒரு வழக்கம் உண்டு. பாட ஆய்வு என்று சொல்லலாம். அதன் தொடக்கத்தை 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதிவரை கொண்டுசெல்வார்கள். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு பல வாரம் திட்டமிடுவார்கள். ஒருவர் அதை நடத்த, மற்றவர்கள் வகுப்பில் நின்று கவனிப்பார்கள். பின்னர் கூடிப் பேசித் திருத்துவார்கள். சில வேளைகளில் இன்னொருவர் இன்னொரு வகுப்பில் அதைத் திரும்ப நடத்துவார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, திட்டத்தாளில் ஆசிரியர் செய்வதற்கு ஒரு பத்தி இருப்பது போலவே, மாணவர் என்னென்ன விடைகள் சொல்லக்கூடும் என்பதற்கும் தனிப் பத்தி இருப்பது. சரியான விடை மட்டுமல்லாமல் தவறான விடைகளும், அரைகுறை விடைகளும், ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் எப்படி எதிர்வினை செய்வார் என்பதும் முன்னதாகவே எழுதப்படும். கரும்பலகைக்கும் திட்டம் உண்டு. பாடத்தின் தொடக்கத்தில் எழுதியதை அழிக்காமல், இடமிருந்து வலமாகப் பாடத்தின் போக்கு முழுவதும் பலகையில் நிற்கும்படி எதை எங்கே எழுதுவது என்று முன்பே வரைந்து வைப்பார்கள். பின்னால் வந்த பிள்ளையும் ஒரு பார்வையில் முன்னே நடந்ததைப் பிடித்துக்கொள்ளலாம். கவனிக்க நிற்பவர்களின் கண் ஆசிரியர்மேல் இருக்காது, பிள்ளைகளின் நோட்டின்மேல் இருக்கும். பாடம் தவறினால் குழு எழுதிய திட்டம் தவறியது. நடத்தியவர் தலையில் அது விழாது. நான்காம் மணி அவர்கள் சொன்ன அச்சத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மூவரும் மூன்று வேறு பாடக்காரர்கள் என்பது இங்கே ஒரு தடைதான், ஏனெனில் பாட ஆய்வின் பலமே ஒரே பாடப்பொருளைப் பலர் துருவுவது. பள்ளியில் உள்ள மற்றக் கணித ஆசிரியர்களையும் சேர்த்துப் பருவத்துக்கு ஒரு முறை செய்து பாருங்கள். அறிவியலுக்கும் மொழிக்கும் அந்தப் பாடத்தில் மூத்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்கு அங்கே மாணவர்களைக் கவனித்துச் சொல்வது. மொழி வகுப்பில் யார் யார் வாய் திறந்து படித்தார்கள், எத்தனை பேர் அந்த 40 நிமிடத்தில் ஒரு வாக்கியமாவது சொந்தமாக எழுதினார்கள் என்று எண்ணிச் சொல்ல இலக்கணப் புலமை வேண்டியதில்லை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஆசிரியர்களுக்குத் தனிப்பட வழிகாட்டும் திட்டங்களைப் பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்து மேத்யூ கிராஃப்டும் உடனிருந்தோரும் 2018இல் வெளியிட்டனர். கற்பிக்கும் முறையில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. மாணவர் தேர்ச்சியிலும் தெரிந்தது, ஆனால் அது அதைவிடச் சிறியது. திட்டம் பெரிதாகி ஆசிரியர் எண்ணிக்கை கூடியபோது இரண்டுமே குறைந்தன. எனவே உங்கள் மூவரில் நன்றாக நடந்தால் அடுத்த ஆண்டு முப்பது பேரை உங்கள் தலையில் கட்டுவார்கள். அப்போது இந்த வரியை எடுத்துக் காட்டுங்கள்.

கேள்வியாளரின் மறுமொழி: பின்வரிசை நாற்காலி

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

தலைமையாசிரியரிடம் பேசினேன். சற்று யோசித்துவிட்டு, "நாளும் பெயரும் மட்டும் கொடுங்கள், போதும்" என்றார். நான் எதிர்பார்த்த அளவு வாதாட வேண்டியிருக்கவில்லை. கால அட்டவணையில் கணித ஆசிரியருக்கு மட்டும் என்னுடன் பொதுவான ஓய்வு கிடைத்தது. மற்ற இருவருக்கும் இன்னும் நடைபாதைதான்.

அதற்குப் பிறகு அவரை என் வகுப்புக்கு அழைத்தேன். எதைக் கவனிக்கட்டும் என்று கேட்டார். "நீங்களே தேர்ந்தெடுங்கள்" என்றேன். வகுப்பு முடிந்ததும் ஒரு தாளை நீட்டினார். அதில் கோடு கோடாக இழுத்து எண்ணியிருந்தார்: நாற்பது நிமிடத்தில் நான் 17 முறை "சரிதானே?" என்று கேட்டிருக்கிறேன், ஒரு முறைகூட விடைக்காக நிற்கவில்லை. 14 ஆண்டுகளாக என் வாயில் அந்தச் சொல் இருக்கிறது என்பது எனக்கே தெரியாது. இருவரும் சிரித்துவிட்டோம். அந்தத் தாளைச் சொன்னபடி என்னிடமே விட்டுச் சென்றார்.

அடுத்த வாரம் அந்த இரண்டு இணைகளையும், 0.5, 0.45, 0.6, 0.62 என்று, அவர் தம் வகுப்பில் எழுதினார். வெற்று வகுப்பறையில் இருமுறை ஒத்திகை பார்த்திருந்தோம். 38 பேரில் 11 பேர் முதல் இணையில் இடறினார்கள். இரண்டாம் இணையில் ஆறு பேர், அவர்களில் இருவர் வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குபவர்கள். அதைக் கண்டபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த இடத்தில் என்ன செய்வது என்று நாங்கள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. அவர் 0.6 பக்கத்தில் ஒரு சுழியம் சேர்த்து 0.60 என்று எழுதி, எண் மாறிவிட்டதா என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். ஒரு பிள்ளை "மாறவில்லை" என்றது. இன்னொன்று "மாறிவிட்டது, நீளமாகிவிட்டது" என்றது. அவர்கள் இருவரையும் பேசவிட்டு மணி அடிக்கும்வரை அவர் குறுக்கே வரவில்லை. பாடம் முடியவில்லை, வீட்டுப்பாடமும் கொடுக்கவில்லை. பழைய நானாக இருந்தால் அதை இரண்டு குறைகளாகக் குறித்திருப்பேன்.

அறிவியல் ஆசிரியரின் வகுப்பில் இன்னும் எனக்குப் பிடி கிடைக்கவில்லை. செய்முறைப் பாடத்தில் கருவியைத் தொட்டவர்கள் யார், கடைசிவரை பார்த்துக்கொண்டே நின்றவர்கள் யார் என்று மட்டும் எண்ணி வைத்திருக்கிறேன். அந்தத் தாளை நாளை அவரிடம் கொடுக்க வேண்டும். கணித ஆசிரியர் வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளைக்கு மறுபடியும் என் வகுப்புக்கு வருகிறார். இந்த முறை எதை எண்ணப் போகிறார் என்று கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார்.